பாதியில் நின்ற பயணங்களும் வெள்ளித்திரையும்

தொலைக்காட்சியில் ஆண்டுக்கணக்காக ஓடிய விஞ்ஞானப் புனைகதைத் தொடரொன்று நிறைவெய்தியதும் அதன் ரசிகர்களிடமிருந்து எழுகின்ற முதலாவது கோரிக்கை அநேகமாக ஒன்றாகவே இருக்கிறது. அதனைத் திரைப்படமாக எடுக்கவேண்டும் என்பதே அது. குடும்பக் கதைகளுக்கோ துப்பறியும் கதைகளுக்கோ இக்கோரிக்கை இவ்வளவு பிடிவாதமாக எழுவதில்லை. இதற்குக் காரணம் உண்டு. குடும்பக் கதையில் நாம் சில மனிதர்களைச் சந்திக்கிறோம். விஞ்ஞானப் புனைகதையில் அந்த மனிதர்களோடு ஓர் உலகமும் நமக்குக் கிடைக்கிறது. கதை முடிந்துவிட்டாலும் அந்த உலகம் எங்கோ இயங்கிக்கொண்டிருப்பதாகவே ரசிகரின் மனம் நம்புகிறது. சிறிய திரையில், சிக்கனமான செலவில், அட்டைச் சுவர்களுக்கு நடுவே காட்டப்பட்ட விண்வெளியைப் பெரிய திரையில் அதற்குரிய பிரமாண்டத்தோடு காணவேண்டும் என்ற ஆசையும் அதனுடன் சேர்ந்துகொள்கிறது.

இந்த ஆசை நியாயமானதா? நிறைவுபெற்ற தொடருக்குத் திரைப்படம் வேண்டுமா? இற்றைக்கு எழுபது ஆண்டுகளுக்கு மேலாக பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் இக்கேள்விக்குப் பல்வேறு விடைகள் கிடைத்திருக்கின்றன. அவற்றை வரிசைப்படுத்திப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். என்னுடைய அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இடைநடுவில் வெட்டப்பட்ட தொடர் வேறு, சொல்லி முடிக்கப்பட்ட தொடர் வேறு. முன்னையதற்குத் திரைப்படம் என்பது ரசிகருக்குச் செலுத்தவேண்டிய கடன். பின்னையதற்கு அது பெரும்பாலும் வெறும் வியாபாரம். இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்காதமையே பல தோல்விகளுக்குக் காரணம்.

முதலாவது உதாரணம்

1953 ஆம் ஆண்டு ஜூலை மாதம் பி.பி.சி. தொலைக்காட்சி ஆறு அங்கங்களைக் கொண்ட ஒரு நாடகத் தொடரை ஒளிபரப்பத் தொடங்கியது. நைஜல் நீல் எழுதிய அத்தொடரின் பெயர் 'குவாட்டர்மாஸ் பரிசோதனை'. மூன்று பேரை ஏற்றிக்கொண்டு விண்வெளிக்குச் சென்ற ரொக்கெட் பூமிக்குத் திரும்பி வருகிறது. அதனுள் ஒருவர் மாத்திரமே இருக்கிறார். அந்த ஒருவரும் மெல்ல மெல்ல மனிதரல்லாத வேறொன்றாக மாறிக்கொண்டிருக்கிறார். சோவியத் நாட்டின் ஸ்புட்னிக் விண்ணில் ஏறுவதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்னர் எழுதப்பட்ட கதை இது என்பது கவனிக்கத்தக்கது.

அந்நாளில் தொலைக்காட்சி நாடகங்கள் மேடை நாடகங்களைப் போன்று நேரடியாகவே நடிக்கப்பட்டு அப்படியே ஒளிபரப்பப்பட்டன. முதல் இரண்டு அங்கங்கள் மாத்திரம் திரைப்படச் சுருளில் பதிவுசெய்யப்பட்டன. எஞ்சிய நான்கும் காற்றோடு போயின. தொடரின் வெற்றியைக் கண்ட ஹமர் என்ற பிரித்தானியத் திரைப்பட நிறுவனம் அதன் உரிமையைப் பெற்று, 1955 ஆம் ஆண்டு வால் கெஸ்ட்டின் இயக்கத்தில் திரைப்படமாக வெளியிட்டது. அமெரிக்கச் சந்தையை மனதிற்கொண்டு, பேராசிரியர் குவாட்டர்மாஸாக நடிப்பதற்கு பிரையன் டொன்லெவி என்ற அமெரிக்க நடிகர் அமர்த்தப்பட்டார். சிந்தனையாளராக நீல் படைத்த விஞ்ஞானி திரைப்படத்தில் எல்லோரையும் அதட்டி வேலைவாங்கும் முரட்டு மனிதராகிவிட்டார். நீலுக்கு இது கடைசிவரை பிடிக்கவில்லை.

அதைவிட முக்கியமான மாற்றம் முடிவில் நிகழ்ந்தது. தொலைக்காட்சியில், வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தினுள் பிரமாண்டமாக வளர்ந்து நிற்கும் அந்த உயிரியிடம் குவாட்டர்மாஸ் பேசுகிறார். அதனுள் இன்னமும் எஞ்சியிருக்கக்கூடிய மனிதத்தை விளித்து, தன்னைத்தானே அழித்துக்கொள்ளுமாறு வேண்டுகிறார். திரைப்படத்திலோ அதன்மீது மின்சாரம் பாய்ச்சப்படுகிறது. பேச்சு இருந்த இடத்தில் மின்சாரம் வந்தது. தொலைக்காட்சியிலிருந்து சினிமாவுக்குப் போகும்போது எது கைநழுவும் என்பதற்கு இதனைவிடத் தெளிவான உதாரணம் வேறில்லை.

ஆயினும் அத்திரைப்படத்தை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. மூலத் தொடரின் பெரும்பகுதி அழிந்துபோனமையால், கதையை முழுமையாகத் திரையில் காண விரும்புபவருக்கு அக்காலத்திலிருந்து எஞ்சியிருப்பது அப்படமே. பதிவுகள் நிலைக்காத காலத்தில் திரைப்படத்திற்கு ஒரு காப்பகத்தின் பணியும் இருந்தது. இறுவட்டும் இணையமும் வந்த பின்னர் அந்த நியாயம் மறைந்துவிட்டது. ஆகவே பிற்காலத்துத் திரைப்படங்கள் வேறு நியாயத்தைத் தேடவேண்டியிருந்தது.

ஐந்தாண்டுப் பயணம் மூன்றாண்டில் முடிந்த கதை

இத்துறையின் வரலாற்றில் நடுநாயகமாக நிற்பது ஜீன் ரொடன்பெரி உருவாக்கிய 'ஸ்டார் ட்ரெக்'. 1966 ஆம் ஆண்டு செப்டெம்பர் 8 ஆம் திகதி அமெரிக்காவின் என்.பி.சி. அலைவரிசையில் அது ஆரம்பமானது. என்டர்பிரைஸ் என்ற விண்கலம் ஐந்தாண்டுப் பயணமொன்றை மேற்கொண்டிருப்பதாக ஒவ்வொரு அங்கத்தின் தொடக்கத்திலும் அறிவிக்கப்பட்டது. ஆனால் பார்வையாளர் எண்ணிக்கையை மட்டுமே அளவுகோலாகக் கொண்ட அலைவரிசை நிர்வாகம் இரண்டாவது ஆண்டிலேயே தொடரின் எதிர்காலத்தைப் பற்றி யோசிக்கத் தொடங்கியிருந்தது.

இச்செய்தி கசிந்ததும் ரசிகர்கள் கடிதம் எழுதத் தொடங்கினர். பீஜோ ட்ரிம்பிள், ஜோன் ட்ரிம்பிள் என்ற தம்பதியர் அந்தக் கடித இயக்கத்தை ஒழுங்குபடுத்தினர். 1967 ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து சில மாதங்களுக்குள் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட கடிதங்கள் என்.பி.சி.க்குப் போய்ச் சேர்ந்தன. கலிபோர்னியத் தொழில்நுட்பக் கழக மாணவர்கள் அந்நிறுவனத்தின் பேர்பாங்க் கலையகத்தை நோக்கி ஊர்வலமாகச் சென்றனர். 1968 மார்ச் 1 ஆம் திகதி ஒளிபரப்பின் முடிவில், தொடர் நீடிக்கும் என்று என்.பி.சி. அறிவிக்க நேர்ந்தது.

பத்திரிகைகளின் ஆசிரியபீடங்களில் பணியாற்றியவர்களுக்கு இந்நிலைமை விளங்கும். வாரந்தோறும் வெளிவந்த தொடர்கதை திடீரென நின்றுவிட்டால் வருகின்ற கடிதங்களின் தொனி தனியானது. எழுதுபவர் தம்மிடமிருந்து ஏதோ பறிக்கப்பட்டுவிட்டதாகவே உணர்கிறார். கதைக்கு உரிமையாளர் யார் என்று சட்டம் சொல்வது ஒன்று, வாசகரின் மனம் சொல்வது வேறொன்று.

மூன்றாவது ஆண்டு கிடைத்தது. ஆனால் அது வெள்ளிக்கிழமை இரவு பத்து மணிக்குத் தள்ளப்பட்டது. இளைஞர்கள் வீட்டில் இருக்காத நேரம் அது. செலவுத் தொகை குறைக்கப்பட்டது. ரொடன்பெரி அன்றாடப் பொறுப்பிலிருந்து விலகிக்கொண்டார். தரம் இறங்கியது. 1969 ஜூன் 3 ஆம் திகதி இறுதி அங்கம் ஒளிபரப்பானது. மனிதன் சந்திரனில் கால் பதிப்பதற்கு ஏழு வாரங்களே இருந்த வேளையில், விண்வெளிப் பயணத்தைப் பற்றிய அத்தொடரை அமெரிக்கத் தொலைக்காட்சி கைவிட்டது. ஐந்தாண்டுப் பயணம் மூன்றாண்டுகளில் நின்றுபோனது.

இங்கேதான் வரலாறு ஒரு விசித்திரமான திருப்பத்தை எடுக்கிறது. பலவீனமானது என்று ரசிகர்களே ஒப்புக்கொண்ட அந்த மூன்றாவது ஆண்டினால் மொத்த அங்கங்களின் தொகை 79 ஆகியது. உள்ளூர்த் தொலைக்காட்சி நிலையங்கள் நாள்தோறும் மறு ஒளிபரப்புச் செய்வதற்கு அத்தகைய எண்ணிக்கை தேவைப்பட்டது. மாலைநேர மறு ஒளிபரப்புகளின் வாயிலாக, முதல் ஒளிபரப்பில் கிடைக்காத புதிய தலைமுறை ஒன்று கிடைத்தது. 1972 ஜனவரியில் நியூயோர்க்கில் நடைபெற்ற ரசிகர் மாநாட்டிற்குச் சில நூறு பேர் வருவார்கள் என்றே எதிர்பார்க்கப்பட்டது. வந்தவர்களோ மூவாயிரத்துக்கும் அதிகமானோர். 1976 இல் அமெரிக்காவின் முதலாவது விண்வெளி ஓடத்திற்கு என்டர்பிரைஸ் என்று பெயர்சூட்டுமாறு ரசிகர்கள் வெள்ளை மாளிகைக்குக் கடிதங்களைக் குவித்தனர். ஜனாதிபதி ஃபோர்ட் இணங்கினார். அவ்வாண்டு செப்டெம்பர் 17 ஆம் திகதி அந்த ஓடம் வெளியே கொண்டுவரப்பட்டபோது தொடரின் நடிகர்கள் விருந்தினர்களாக அங்கே நின்றிருந்தனர்.

ரசிகர்கள் தாங்கள் கேட்டதைப் பெற்றார்கள் என்று இதனைச் சொல்ல முடியாது. அவர்கள் நல்ல மூன்றாவது ஆண்டைக் கேட்டார்கள். கிடைத்தது மோசமான மூன்றாவது ஆண்டு. ஆயினும் அந்த மோசமான ஆண்டே தொடரைப் பிழைக்கவைத்தது.

44 மில்லியன் டொலர் பாடம்

இவ்வளவு பெரிய கூட்டம் காத்திருப்பதைக் கண்ட பரமவுண்ட் நிறுவனம் 1975 ஆம் ஆண்டளவில் திரைப்படம் ஒன்றைப் பற்றிச் சிந்திக்கலாயிற்று. எழுதப்பட்ட கதைகள் ஒவ்வொன்றாக நிராகரிக்கப்பட்டன. பிலிப் கவ்ஃப்மன் இயக்குவதாக இருந்த படம் 1977 மே மாதத்தில் கைவிடப்பட்டது. அதே மாதம் 25 ஆம் திகதி 'ஸ்டார் வோர்ஸ்' வெளியாகி உலகையே திரையரங்குகளின் வாசலில் நிறுத்தியது. பரமவுண்ட் அப்போதும் தயங்கியது. புதிய தொலைக்காட்சித் தொடரொன்றைத் தொடங்கலாம் என்று முடிவெடுத்து, கதைகளை எழுதுவித்து, அரங்குகளையும் அமைக்கத் தொடங்கியது. பின்னர் அந்தத் திட்டத்தையும் மாற்றி, முதல் அங்கத்திற்காக எழுதப்பட்ட கதையையே திரைப்படமாக விரித்தெடுக்கத் தீர்மானித்தது.

'சவுண்ட் ஒஃப் மியூசிக்' படத்தை எடுத்த ரொபர்ட் வைஸ் இயக்குநராக நியமிக்கப்பட்டார். தந்திரக் காட்சிகளுக்கென முதலில் அமர்த்தப்பட்ட நிறுவனத்தின் வேலை திருப்தியளிக்காமையால் இடைநடுவில் அது நீக்கப்பட்டு, டக்ளஸ் ட்ரம்புல் அழைக்கப்பட்டார். கொழும்பைத் தமது வாழ்விடமாகக் கொண்டிருந்த ஆர்தர் சி. கிளார்க்கும் ஸ்டான்லி குப்ரிக்கும் இணைந்து எழுதிய '2001: ஏ ஸ்பேஸ் ஒடிசி' படத்தின் விண்வெளிக் காட்சிகளில் பணியாற்றிப் புகழ்பெற்றவர் அவர். கைவிடப்பட்ட முன்னைய முயற்சிகளின் செலவும் சேர்ந்து மொத்தச் செலவு சுமார் 44 மில்லியன் டொலர்களை எட்டியது. 1979 டிசெம்பர் 7 ஆம் திகதி படம் வெளியாகியது.

வசூல் குறைவில்லை. உலகம் முழுவதும் ஏறக்குறைய 139 மில்லியன் டொலர்கள் கிடைத்தன. பத்தாண்டு காலம் காத்திருந்தவர்கள் அலையலையாக வந்தனர். ஆனால் வந்தவர்களுள் பலர் ஏமாற்றத்துடனேயே திரும்பினர். விண்கலத்தின் புறத்தோற்றத்தை நிமிடக்கணக்கில் சுற்றிச்சுற்றிக் காட்டிய படம், அதனுள் இருந்த மனிதர்களைக் காட்ட நேரமில்லாமல் தவித்தது. கேர்க்குக்கும் ஸ்பொக்குக்கும் மருத்துவர் மெக்கோய்க்கும் இடையில் நிகழ்ந்த கேலியும் வாதமும் பரிவுமே தொலைக்காட்சியில் மக்களைக் கட்டிப்போட்டவை. பெரிய திரைக்கு அவை போதா என்று தயாரிப்பாளர்கள் நினைத்துவிட்டார்கள். கதையும் புதிதல்ல. தன்னைப் படைத்தவரைத் தேடிவரும் இயந்திரம் என்ற கருவை 1967 ஆம் ஆண்டின் ஓர் அங்கத்திலேயே ரசிகர்கள் கண்டிருந்தார்கள்.

இங்கே ஒரு விடயத்தைக் கவனிக்கவேண்டும். இத்தொடரின் ஒவ்வோர் அங்கமும் தனிக்கதை. ஆகவே 'அடுத்து என்ன நடந்தது' என்ற கேள்வி எதுவும் தொங்கிக்கொண்டிருக்கவில்லை. கூடவே பயணம் செய்வதாக வாக்களிக்கப்பட்ட ஐந்தாண்டுகளில் இரண்டு பறிபோயின என்பதே ரசிகர்களின் மனக்குறை. அதனை உணராமல், காட்சியின் பிரமாண்டமே அவர்கள் கேட்டது என்று பரமவுண்ட் கருதியது.

அடுத்த படத்தில் அந்தத் தவறு திருத்தப்பட்டது. பொறுப்பு பரமவுண்டின் தொலைக்காட்சிப் பிரிவிடம் ஒப்படைக்கப்பட்டது. தொடரைப் பற்றி முன்பின் அறியாத ஹார்வ் பெனட் என்ற தயாரிப்பாளர், பழைய அங்கங்கள் 79 ஐயும் திரையிட்டுப் பார்த்தார். 1967 இல் ஒளிபரப்பான ஓர் அங்கம் அவரது கண்ணில் பட்டது. கான் என்ற கொடுங்கோலனை கேர்க் தண்டிக்காமல், ஒரு வெற்றுக் கிரகத்தில் குடியேற விட்டுச்செல்கிறார். அங்கே ஊன்றிய விதை நூறாண்டுகளின் பின்னர் என்னவாக முளைத்திருக்கும் என்று ஸ்பொக் வியப்பதோடு அந்த அங்கம் முடிந்திருந்தது. பதினைந்து ஆண்டுகளாகத் தீர்க்கப்படாமல் கிடந்த கடன் அது.

நிக்கலஸ் மேயர் இயக்கிய இரண்டாவது படம் 1982 ஜூன் 4 ஆம் திகதி வெளியாகியது. செலவு முதல் படத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்குதான். முதல் படத்தின் தந்திரக் காட்சிகள் சில அப்படியே மீண்டும் பயன்படுத்தப்பட்டன. ஆனால் கதை, கேர்க்கின் பிறந்தநாளில் தொடங்கியது. அவருக்குப் பரிசாகக் கிடைத்தது ஒரு மூக்குக்கண்ணாடி. நடிகர்களுக்கு வயதாகிவிட்டது என்பதை மறைக்காமல், அதையே கதையாக்கினார்கள். பழைய தவறு தேடிவந்து கணக்குக் கேட்கிறது. விலையாக ஸ்பொக்கின் உயிர் போகிறது. இன்றுவரை வெளிவந்த ஸ்டார் ட்ரெக் படங்களுள் சிறந்தது இதுவே என்று பெரும்பாலான ரசிகர்கள் கருதுகிறார்கள். 1991 வரை அதே நடிகர்களுடன் ஆறு படங்கள் வந்தன. அந்த உயிர்ப்பினாலேயே 1987 இல் தொலைக்காட்சியில் புதிய தொடரும் தொடங்கியது.

மின்மினியின் கடன்

கடனைத் தீர்ப்பதற்கும் ஒரு விலை உண்டு என்பதை உணர்த்தியது 'ஃபயர்ஃப்ளை'. ஜொஸ் வீடன் உருவாக்கிய இத்தொடர் 2002 செப்டெம்பரில் பொக்ஸ் அலைவரிசையில் தொடங்கியது. உள்நாட்டுப் போரில் தோற்றுப்போன தரப்பைச் சேர்ந்த தளபதி ஒருவர், பழைய சரக்குக் கலமொன்றில் இன்னும் எட்டுப் பேருடன் எல்லைப்புறக் கிரகங்களிடையே பிழைப்பு நடத்துவதுதான் கதை. போரில் தோற்றவர்கள் போருக்குப் பின்னர் எவ்வாறு வாழ்கிறார்கள் என்பதை இவ்வளவு நகைச்சுவையோடும் தன்மானத்தோடும் சொன்ன விஞ்ஞானப் புனைகதை அரிது.

அதற்கு நேர்ந்த கதி பரிதாபமானது. பாத்திரங்களை அறிமுகப்படுத்துவதற்கென்றே எடுக்கப்பட்ட முதல் அங்கத்தை அலைவரிசை முதலில் காட்டவில்லை. வரிசை குலைத்து ஒளிபரப்பியது. எடுக்கப்பட்ட 14 அங்கங்களில் 11 மட்டுமே வெளிவந்த நிலையில் அவ்வாண்டு டிசெம்பரில் தொடர் நிறுத்தப்பட்டது. முதலில் வந்திருக்கவேண்டிய அங்கம் கடைசியாக ஒளிபரப்பானது. இதைவிட மோசமாக ஒரு கதையைச் சொல்ல முடியாது.

2003 டிசெம்பரில் 14 அங்கங்களும் இறுவட்டாக, உரிய வரிசையில் வெளிவந்தன. எதிர்பாராத விற்பனை. யூனிவர்சல் நிறுவனம் திரைப்பட உரிமையைப் பெற்றது. 2005 செப்டெம்பர் 30 ஆம் திகதி 'செரனிட்டி' என்ற பெயரில் படம் வெளியாகியது. எழுதி இயக்கியவர் வீடன். ஒன்பது நடிகர்களும் திரும்பி வந்தார்கள்.

தொடரில் தொங்கி நின்ற முக்கியமான கேள்வி, கலத்தில் ஒளிந்திருக்கும் இளம்பெண்ணின் மனதிற்குள் புதைந்து கிடக்கும் இரகசியம் என்ன என்பது. படம் அதற்கு விடை சொன்னது. தன் குடிமக்களைச் சாந்தமானவர்களாக்க முயன்ற அரசாங்கம் ஒரு கிரகம் முழுவதையும் கொன்று, அந்த உண்மையை மறைத்துவிட்டது என்பதே அந்த விடை. ஆனால் பல ஆண்டுகளில் ஆற அமர விரிந்திருக்கவேண்டிய கதையை இரண்டு மணித்தியாலத்தில் அடக்க வேண்டியிருந்தது. தொடரைப் பார்த்திராத பார்வையாளருக்காக எல்லாவற்றையும் மறுபடியும் விளக்க வேண்டியிருந்தது. சினிமாவுக்குரிய விறுவிறுப்பு தேவைப்பட்டது. ரசிகர்களின் மனதுக்கு நெருக்கமான இரண்டு பாத்திரங்கள் படத்தில் இறந்தன. அவர்களுள் ஒருவருடைய மரணம் கண்ணிமைக்கும் நேரத்தில் நிகழ்ந்து முடிகிறது. அடுத்த அங்கத்திற்காகக் காத்திருந்தவர்கள் அஞ்சலி செலுத்திவிட்டு வீடு திரும்பினர்.

சுமார் 39 மில்லியன் டொலர் செலவில் எடுக்கப்பட்ட படம் உலகெங்கும் ஏறக்குறைய 40 மில்லியனையே ஈட்டியது. வசூலில் கணிசமான பங்கு திரையரங்குகளுக்குச் சேருவதால் இது நட்டம். தொடர்ச்சி வரவில்லை. உரத்த குரல் கொண்ட கூட்டத்திற்கும் பெரிய கூட்டத்திற்கும் இடையிலான வித்தியாசத்தைத் தயாரிப்பாளர்கள் அன்று கற்றுக்கொண்டனர்.

ஆயினும் நான் இப்படத்தை வெற்றியென்றே சொல்வேன். அது யாருக்குக் கடன்பட்டிருந்ததோ அவர்களுக்கு அதனைத் திருப்பிச் செலுத்தியது. இதே காலப்பகுதியில் அவுஸ்திரேலியாவில் படமாக்கப்பட்ட 'ஃபார்ஸ்கேப்' தொடரும் இவ்வாறே, கதாநாயகனும் கதாநாயகியும் ஒரு படகில் இருந்தபடி துகள்களாகச் சிதறும் காட்சியுடன் 2003 இல் நின்றுபோனது. ரசிகர்களின் போராட்டத்தின் பின்னர் 2004 ஒக்டோபரில் இரண்டு பாகத் தொலைக்காட்சிப் படமாக அதன் முடிவு சொல்லப்பட்டது. அது திரையரங்கிற்குப் போகவே இல்லை. போகவேண்டிய அவசியமும் இருக்கவில்லை. கடனைத் தீர்ப்பதற்குப் பெரிய திரைதான் வேண்டும் என்ற நியதி எதுவும் கிடையாது.

நேரம் தவறி வந்த படம்

கிறிஸ் கார்ட்டரின் 'எக்ஸ்-ஃபைல்ஸ்' இரண்டு விதமான பாடங்களையும் தனக்குள்ளேயே கொண்டுள்ளது. 1993 இலிருந்து 2002 வரை ஒன்பது பருவங்கள் ஓடிய இத்தொடரின் முதலாவது திரைப்படம், தொடர் உச்சத்தில் நின்றபோதே, 1998 ஜூனில் வெளிவந்தது. ஐந்தாம் பருவத்திற்கும் ஆறாம் பருவத்திற்கும் இடையில் அது கதையின் ஒரு கண்ணியாகவே அமைந்தது. உலகளவில் 189 மில்லியன் டொலர் வசூலானது.

இரண்டாவது படம், தொடர் முடிந்து ஆறு ஆண்டுகள் கழிந்த பின்னர், 2008 ஜூலை 25 ஆம் திகதி வந்தது. தொடரின் இறுதி அங்கம், வேற்றுக்கிரகவாசிகள் 2012 டிசெம்பரில் பூமியை ஆக்கிரமிக்க வருவார்கள் என்று நாள் குறித்துவிட்டு முடிந்திருந்தது. ரசிகர்கள் அந்த நாளுக்கான விடையையே கேட்டனர். படமோ அதனைத் தொடவே இல்லை. பனிபடர்ந்த ஊரில் நிகழும் ஆட்கடத்தலைத் துப்பறியும் தனிக்கதையொன்றைச் சொன்னது. பழைய தொடரில் ஓர் அங்கமாக வந்திருந்தால் அது கவனிக்கப்பட்டிருக்கும். ஆறாண்டுக் காத்திருப்புக்கு அது பதிலாகவில்லை. அதற்கு ஒரு வாரம் முன்னர்தான் 'த டார்க் நைட்' திரையரங்குகளை ஆக்கிரமித்திருந்தது. உலகம் முழுவதும் 68 மில்லியன் டொலர்களுடன் ஆட்டம் முடிந்தது. கடன் எதுவென்று தெரிந்திருந்தும் அதனைத் தீர்க்காமல் வேறொன்றைக் கொடுத்ததன் பலன் அது.

விளக்கை அணைத்தவர்

இனி, சொல்லி முடிக்கப்பட்ட கதைகளுக்கு வருவோம். 'பாபிலோன் 5' தொடரை உருவாக்கிய ஜே. மைக்கல் ஸ்ட்ரசின்ஸ்கி, தொடக்கம் நடு முடிவு என்ற ஒழுங்குடைய ஒரு நாவலைப் போல, ஐந்து ஆண்டுகளில் நிறையும் கதையாக அதனைத் திட்டமிட்டார். 110 அங்கங்களுள் 92 ஐ அவர் தாமே எழுதினார். நான்காவது ஆண்டோடு தொடர் நிறுத்தப்படலாம் என்ற அச்சத்தில் இறுதி அங்கத்தை அப்போதே படமாக்கிவிட்டார். ஐந்தாவது ஆண்டு கிடைத்ததும் அதனைப் பத்திரப்படுத்தி வைத்து, 1998 நவம்பர் 25 ஆம் திகதி உரிய இடத்தில் ஒளிபரப்பச் செய்தார்.

அந்த அங்கத்தில் இருபது ஆண்டுகள் கடந்துவிட்டன. தலைவர் விடைபெறுகிறார். பயன்பாடு முடிந்த விண்வெளி நிலையம் தகர்க்கப்படவிருக்கிறது. அதற்கு முன்னர் ஊழியர் ஒருவர் உள்ளே போய், கடைசியாக ஒரு முறை சுற்றிப் பார்த்துவிட்டு விளக்குகளை அணைக்கிறார். அந்த ஊழியராக நடித்தவர் ஸ்ட்ரசின்ஸ்கியே. தான் கட்டிய வீட்டின் விளக்கைத் தானே அணைத்துவிட்டுக் கதவைச் சாத்திய எழுத்தாளர் அவர்.

அதன் பின்னரும் திரைப்படத்திற்கான கோரிக்கை ஓயவில்லை. 2004 இல் திரையரங்கப் படமொன்றின் ஏற்பாடுகள் தொடங்கி, 2005 இல் கைவிடப்பட்டன. அன்று பலரும் வருந்தினார்கள். காலம் போகப்போக நடிகர்கள் ஒருவர் பின் ஒருவராக மறைந்தார்கள். ரிச்சர்ட் பிக்ஸ் 2004 இலும், அன்ட்ரியாஸ் கற்சுலஸ் 2006 இலும், மைக்கல் ஓஹெயர் 2012 இலும், ஜெரி டொயில் 2016 இலும், ஸ்டீஃபன் ஃபேர்ஸ்ட் 2017 இலும், மீரா ஃபுர்லான் 2021 இலும் காலமானார்கள். 2023 இல் உயிரூட்டுச் சித்திரமாக ஒரு படம் வெளிவந்தபோது, மறைந்தவர்களின் பாத்திரங்களுக்கு வேறு குரல்கள் தேவைப்பட்டன. பழைய நண்பர்களைச் சந்தித்த மகிழ்ச்சியை அது சிலருக்குத் தந்திருக்கலாம். ஆனால் 1998 இல் அணைந்த அந்த விளக்கோடு சேர்த்துவைத்து அதனை எவரும் பேசுவதாகத் தெரியவில்லை.

இன்னோர் உதாரணம் பி.பி.சி.யின் 'பிளேக்ஸ் செவன்'. 1978 இலிருந்து 52 அங்கங்கள் ஒளிபரப்பான இத்தொடர், கொடுங்கோல் ஆட்சிக்கு எதிராகப் போராடும் சிறு குழுவொன்றின் கதை. 1981 டிசெம்பர் 21 ஆம் திகதி, நத்தாருக்கு நான்கு நாட்கள் இருக்கையில் ஒளிபரப்பான இறுதி அங்கத்தில், சந்தேகத்தின் காரணமாக ஏவன் தன் பழைய தோழன் பிளேக்கையே சுட்டுக்கொல்கிறான். தோழர்கள் ஒவ்வொருவராகச் சாய்கிறார்கள். படையினர் சூழ்ந்துநிற்க, பிளேக்கின் உடலுக்கு மேல் நின்றபடி துப்பாக்கியை உயர்த்தி ஏவன் புன்னகை செய்கிறான். திரை மறைகிறது. வேட்டுச் சத்தங்கள் மட்டும் கேட்கின்றன.

ஏவன் பிழைத்தானா? நான்கு தசாப்தங்களுக்கு மேலாக ரசிகர்கள் இதனைப் பற்றி விவாதிக்கிறார்கள். அதற்கு விடை சொல்லும் திரைப்படம் எதுவும் வெளிவரவில்லை. வராமைதான் அத்தொடருக்குக் கிடைத்த அதிர்ஷ்டம். இது முற்றுப்பெறாத கதை என்று சிலர் வாதிடக்கூடும். நான் அவ்வாறு நினைக்கவில்லை. போராட்டம் ஒன்று எதிரியின் பலத்தால் மாத்திரமன்றி, தோழர்களுக்கிடையே நுழைந்த சந்தேகத்தாலும் அழியும் என்பதை அந்தக் காட்சி சொல்லி முடித்துவிட்டது. ஏவன் உயிர்தப்பியதாக ஒரு படம் சொல்லியிருந்தால் அந்த உண்மை நீர்த்துப்போயிருக்கும்.

எதற்கு வேண்டும், எதற்கு வேண்டாம்

எடுத்தால் என்ன நட்டம், பிடிக்காதவர் பார்க்காமல் இருக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது போலத் தோன்றும். ஆனால் கதையின் முடிவு என்பது முன்னர் வந்த எல்லாவற்றுக்கும் பொருள் கொடுப்பது. புதிய முடிவு வந்தால் பழைய முடிவு இடைநிலையாகிவிடுகிறது. செரனிட்டியைப் பார்த்த ஒருவரால், பின்னர் ஃபயர்ஃப்ளையின் அங்கங்களைப் பார்க்கும்போது, யார் இறக்கப்போகிறார் என்பதை மறந்துவிட்டுச் சிரிக்க இயலாது. அது தவிர்க்க முடியாத விலை. அந்த விலையைக் கொடுப்பதற்குத் தக்க காரணம் இருக்கவேண்டும் என்றே சொல்கிறேன்.

அக்காரணம் எது என்பதை மேற்கண்ட வரலாறு காட்டுகிறது. கதை உண்மையிலேயே எதையோ சொல்லாமல் விட்டிருக்கவேண்டும். விட்டது எது என்பதை எடுப்பவர் அறிந்திருக்கவேண்டும். தொடங்கியவர்களே, அல்லது 79 அங்கங்களையும் உட்கார்ந்து பார்க்கும் பொறுமை படைத்த ஒருவர், அதனை எடுக்கவேண்டும். கடந்துபோன ஆண்டுகளை மறைக்காமல் கதைக்குள் கொண்டுவரவேண்டும். பணத்தின் அளவு இவற்றுக்கெல்லாம் பின்னர்தான். 44 மில்லியனில் கிடைக்காதது அதில் நான்கிலொரு பங்கில் கிடைத்தது என்பதை நாம் கண்டோம்.

ரசிகர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லவேண்டியிருக்கிறது. கடிதம் எழுதுங்கள். உங்கள் கடிதங்கள் இல்லாவிட்டால் என்டர்பிரைஸ் 1968 இலேயே மறைந்திருக்கும். செரனிட்டி பிறந்தே இருக்காது. இடையில் வெட்டப்பட்ட கதைக்காக எவ்வளவு உரத்த குரலில் வேண்டுமானாலும் கேளுங்கள். அலைவரிசை நிர்வாகிகள் கதையின் முடிவைத் தீர்மானிக்கும் தகுதி படைத்தவர்கள் அல்லர். ஆனால் எழுதியவரே விளக்கை அணைத்துவிட்டுப் போன வீட்டின் கதவைத் தட்டும்போது, நீங்கள் கேட்பது இன்னுமொரு கதையையா, அல்லது அந்தக் கதையைப் பார்த்த நாட்களில் உங்களுக்கு இருந்த வயதையா என்று ஒரு கணம் யோசித்துப் பாருங்கள். பின்னையதைத் தருவதாகச் சொல்லி நுழைவுச்சீட்டு விற்பவர்கள் எப்போதும் இருப்பார்கள். அதனைத் தர அவர்களால் ஆகாது. பழைய அங்கங்கள் இறுவட்டில் இருக்கின்றன. அவற்றை எடுத்து மறுபடியும் பார்ப்பதே அதற்கு உகந்த வழி.